பார்க்கக் கற்பித்தவர்: அந்துவான் பெக்லேரும் கதிரியலின் தொடக்கக் கல்வியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்தப்பட்ட வடிவம்)

அந்துவான் பெக்லேர் 1856 மார்ச் 17 அன்று பாரிஸ் நகரில், மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1939 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். எண்பத்திரண்டு ஆண்டு வாழ்வின் முதல் பாதியில் அவர் பொது மருத்துவர். எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அந்த வயதில் மருத்துவமனை மருத்துவர் என்ற மதிப்புமிக்க பதவியில் இருந்துகொண்டே, பாடநூல் இல்லாத, ஆசிரியர் இல்லாத, பெயரே இன்னும் நிலைபெறாத ஒரு துறைக்குள் இறங்கினார். பிரெஞ்சு மருத்துவ வரலாறு அவரைக் கதிரியலின் தந்தை என்று குறிப்பிடுகிறது.

அவையோரே, இந்தச் சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து ஒன்றுதான். பெக்லேரின் ஆய்வுகள், கருவிகள், நூல்கள், சங்கப் பணிகள், போர்க்காலப் பயிற்சி ஆகிய எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒளிர்திரையில் தெரியும் நிழல் தானாக எதையும் சொல்லாது. அதைப் பார்க்கக் கண் பழக வேண்டும், படிக்க மருத்துவ அறிவு வேண்டும், இரண்டையும் ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியும். கதிரியலை ஒரு கல்வியாக ஆக்கியவர் என்பதே அவருடைய முதன்மைச் சிறப்பு. அவர் கண்டுபிடித்தவை என்று பட்டியலிடப்படுபவை பெரும்பாலும் கற்பிக்கும்போது எழுந்த தேவைகளுக்கு அவர் தேடிய விடைகளே.

1. கதிருக்கு முந்தைய மருத்துவர்

பெக்லேர் 1877-இல் பாரிஸ் மருத்துவமனைகளின் உள்ளுறை மருத்துவராகத் தேர்வு பெற்றார். 1882-இல் தட்டம்மை தொற்றும் விதம் பற்றிய ஆய்வேட்டுக்காக முனைவர் பட்டம் பெற்றார். கடுமையான போட்டித் தேர்வில் வென்று 1893-இல் மருத்துவமனை மருத்துவர் ஆனார். அந்நாளைய பாரிஸில் இப்பதவி ஒருவரது வாழ்க்கையை நிலைப்படுத்திவிடும். நோயாளிக் கூடம் ஒன்று அவர் பொறுப்பில் வரும், மாணவர்கள் சூழ்வர், வெளியே வசதியானவர்களின் வீடுகள் அவருக்காகக் கதவு திறந்திருக்கும்.

1896 முதல் 1899 வரை ஷம்போன், மெனார் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வுகள் நோய் எதிர்ப்பியல் வரலாற்றில் இடம்பெற்றவை. அம்மைப்பால் குத்தப்பட்ட பசுங்கன்றுகளின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம், அம்மைப்பாலின் வீரியத்தை அடக்கும் ஆற்றல் பெற்றிருப்பதை மூவரும் காட்டினர். வைரஸ் என்பது இன்னதென்று தெரியாத காலத்தில், வைரஸை முறியடிக்கும் பொருள் இரத்தத்தில் உருவாகிறது என்பதற்கு இது தொடக்கச் சான்று. இந்தப் பாதையிலேயே அவர் தொடர்ந்திருந்தாலும் பெயர் நிலைத்திருக்கும்.

இந்த முன்கதை வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. கதிரியலுக்குள் வந்தவர்களில் பலர் இயற்பியலாளர்கள், மின்கருவி செய்வோர், புகைப்படக் கலைஞர்கள். பெக்லேர் வந்தபோது அவரோடு இருபது ஆண்டுக் கால நோயாளிப் படுக்கை அனுபவமும், ஆய்வகத்தில் ஐயம் தீரும்வரை சோதித்துப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்தே வந்தன.

2. தெனோன் மருத்துவமனை, 1897

ரோன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரி 20 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஆன்ரி புவான்காரே, ஊதேன், பார்த்தெலெமி என்ற இரு மருத்துவர்கள் எடுத்த கையின் எக்ஸ் கதிர்ப் படத்தை முன்வைத்தார். அந்த ஊதேனிடம்தான் பெக்லேர் ஒளிர்திரையை முதன்முதலாகக் கண்டார். உயிரோடு நிற்கும் மனிதனின் மார்புக்குள் இதயம் துடிப்பதையும் உதரவிதானம் ஏறி இறங்குவதையும் பார்த்த அந்த அனுபவம்தான் தம் வாழ்வின் திசையை மாற்றியது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவரை ஈர்த்தது எலும்பின் படம் அன்று என்பது கவனிக்கத்தக்கது. அப்போது எல்லோரும் எலும்பு முறிவையும் உடம்பில் தங்கிய ஊசியையும் குண்டையும் தேடிக்கொண்டிருந்தனர். அறுவை மருத்துவர்களுக்கு அதன் பயன் உடனே புரிந்தது. உள் மருத்துவத்துக்கு அது பயன்படுமா என்பதில்தான் ஐயம் இருந்தது. பேராசிரியர் ஷார்ல் பூஷார் 1896 டிசம்பரில் நுரையீரல் உறை அழற்சியை ஒளிர்திரையில் காணலாம் என்று அறிவியல் கழகத்தில் தெரிவித்தார். பெக்லேர் அடுத்த ஆண்டே, 1897-இல், தாம் பணியாற்றிய தெனோன் மருத்துவமனையில் தம் சொந்தச் செலவில் கருவிகளை நிறுவினார். 1898-இல் சேன்ட் அந்துவான் மருத்துவமனைக்கு மாறியபோது ஆய்வகமும் அவரோடு சென்றது. அங்கேயே அவர் பணிக்காலம் முடியும்வரை இருந்தார்.

சக மருத்துவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மருத்துவமனை மருத்துவர் ஒருவர் புகைப்படக்காரர் வேலைக்கு இறங்குவது அந்தப் பதவிக்கே இழுக்கு என்று கருதினர். இந்த ஏளனத்துக்கு அவர் வாதத்தால் விடையளிக்கவில்லை. தம் கூடத்து நோயாளிகளைத் தட்டியும் கேட்டும் பரிசோதித்த பின், இருட்டறைக்கு அழைத்துச் சென்று திரைக்கு முன் நிறுத்தினார்; முதல் பரிசோதனை சொன்னதையும் திரை காட்டியதையும் அருகருகே எழுதி வைத்தார்.

3. கண்ணைத் தயார் செய்தல்

இருட்டறைக்குள் முதல் நாளிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே நோயாளி, ஒரே கருவி, ஒரே திரை. ஒருவருக்கு விலா எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. வெளியிலிருந்து அப்போதுதான் வந்த இன்னொருவருக்குத் திரையில் மங்கலான வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கருவி சரியில்லை என்று குறை சொல்லி வெளியேறிய மருத்துவர்கள் பலர்.

கோளாறு கருவியில் இல்லை, பார்ப்பவரின் விழித்திரையில் இருக்கிறது என்று பெக்லேர் கண்டார். ஒளிர்திரைப் பரிசோதனையில் பார்வையின் உடலியங்கியல் பற்றிய அவரது ஆய்வு 1899-இல் வெளிவந்தது. அதன் அடிப்படை இன்று பள்ளி மாணவர்க்கும் தெரிந்தது. அன்று மருத்துவர் பலருக்குத் தெரியாதது. விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. நடுப்பகுதியில் அடர்ந்திருக்கும் கூம்பு செல்கள் பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுண்விவரத்தையும் காண்பவை. சுற்றுப்பகுதியில் பரவியிருக்கும் குச்சி செல்கள் மங்கிய ஒளியில் இயங்குபவை, நிறம் அறியாதவை, நுண்விவரமும் குறைவாகவே காண்பவை. மாலைக்கண் நோயாளிகளை ஆராய்ந்த பாரிஸ் கண் மருத்துவர் ஆன்ரி பரினோ 1881-இலேயே இந்த இருமை பற்றி எழுதியிருந்தார். கண் மருத்துவத்தில் கிடந்த அந்த அறிவை எக்ஸ் கதிர் அறைக்குக் கொண்டுவந்தவர் பெக்லேர்.

அக்காலத் திரையில் பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற உப்பு பூசப்பட்டிருக்கும். கதிர் பட்டதும் அது இளம்பச்சையாக ஒளிரும். அந்த ஒளி கூம்பு செல்களைத் தூண்டப் போதாது. குச்சி செல்களோ வெளிச்சத்தில் தம் நிறமியை இழந்து உணர்வு குன்றிப் போயிருக்கும். இருளில் மெல்ல மெல்லத்தான் அதை மீட்டுக்கொள்ளும். நண்பகல் வெயிலிலிருந்து படம் ஓடும் திரையரங்குக்குள் நுழைபவர் முதலில் இருக்கையைத் தடவித் தேடுவதும், சற்று நேரம் கழித்து அதே அரங்கில் எல்லோர் முகமும் தெரிவதும் இதனால்தான். ஆனால் திரையரங்குக்குச் சில நிமிடம் போதும். ஒளிர்திரைக்குக் குச்சி செல்களின் உணர்திறன் பலநூறு மடங்கு உயர வேண்டும். அதற்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். இடையில் யாராவது கதவைத் திறந்து வெளிச்சம் முகத்தில் பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெக்லேர் இதை ஆய்வகக் குறிப்பாக விட்டுவிடாமல் பாடத்தின் முதல் விதி ஆக்கினார். மாணவர்கள் இருளில் அமர்ந்து காத்திருந்த பிறகே திரை ஒளிரும். இதன் பயன் பார்வைத் தெளிவோடு நிற்கவில்லை. கண் பழகாத மருத்துவர் என்ன செய்வார்? திரை மங்கலாக இருக்கிறது என்று மின்னோட்டத்தைக் கூட்டுவார், நோயாளியை நெடுநேரம் நிறுத்துவார். கூடும் ஒவ்வொரு நொடியும் நோயாளியின் தோலிலும் மருத்துவரின் கையிலும் விழும் கதிர். கதிரின் தீங்கு முழுமையாகத் தெரியாத காலத்திலேயே, பொறுமையாகக் காத்திருக்கும் மருத்துவர் தம் நோயாளியையும் தம்மையும் காத்துக்கொண்டார்.

குச்சி செல்கள் சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. அதனால் சிவப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு வெளிச்சத்தில் நடமாடினாலும் அவை இருளில் இருப்பது போலவே தம்மைத் தயார் செய்துகொள்ளும். வில்ஹெல்ம் டிரென்டலென்பர்க் 1916-இல் இந்தக் கண்ணாடியை முன்வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவமனைத் தாழ்வாரங்களில் சிவப்புக் கண்ணாடியோடு நடந்த கதிரியல் மருத்துவர்கள் பெக்லேர் கண்டறிந்த அதே விதிக்குத்தான் கட்டுப்பட்டிருந்தனர்.

4. நிழலைப் படித்தல்

கண் தயாரான பின் என்ன தெரிகிறது? நிழல். அதுவும் பல உறுப்புகளின் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த ஒரே தளம். கதிர்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து செல்வதால் திரைக்கு அருகில் உள்ளது சிறிதாகவும் விலகி உள்ளது பெரிதாகவும் விழும். இதயத்தின் நிழலை அளந்து இதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். குழாய் கிட்ட இருந்ததால் நிழல் பெருத்தது என்பதை மறந்திருந்தால் அந்த முடிவு நோயாளியைப் படுக்கையில் தள்ளிவிடும். மியூனிக்கில் ஃபிரீட்ரிக் மோரிட்ஸ் 1900-இல் திரைக்குச் செங்குத்தாக வரும் கதிரை மட்டும் பயன்படுத்தி இதயத்தின் உண்மை அளவை வரையும் முறையை வகுத்தார். பெக்லேரும் குழாயைத் தாங்கும் சட்டகம், கதிரைக் குறுக்கும் துளைத்தட்டு, செங்குத்துக் கதிர் விழும் இடத்தைக் காட்டும் குறிகாட்டி ஆகியவற்றை வலியுறுத்தினார். கதிர் எங்கிருந்து வந்து எங்கே விழுகிறது என்று தெரியாமல் நிழலைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் பாடத்தின் இரண்டாம் விதி.

மூன்று சிறு நூல்களில் அவர் இந்தப் படிப்பு முறையைத் தொகுத்தார். 1899-இல் காசநோயைக் கண்டறிதல் பற்றி ஒன்று. 1901-இல் மார்பு நோய்கள் பற்றி ஒன்று. 1904-இல் உள்நோய்கள் அனைத்தையும் பற்றி ஒன்று. ஒரு நோயிலிருந்து ஒரு பகுதிக்கும், ஒரு பகுதியிலிருந்து உடல் முழுமைக்கும் விரிந்த இந்த வரிசையே அவர் நடந்த வழியைக் காட்டுகிறது.

அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மார்பின் கீழ்ப்பகுதியில் கருநிழல் தெரிகிறது. நீர் கோத்திருக்கலாம், நுரையீரல் திண்மமாகியிருக்கலாம், உதரவிதானத்தின் கீழே சீழ்க்கட்டி இருந்து அதை மேலே தள்ளியிருக்கலாம். நுரையீரல் உறைக்குள் நீர் மட்டும் இருந்தால் நிழலின் மேல்விளிம்பு மங்கலாக, பக்கவாட்டில் உயர்ந்து சாய்ந்திருக்கும். நீரோடு காற்றும் சேர்ந்திருந்தால் விளிம்பு கோடு போட்டது போலக் கிடையாக நிற்கும். நோயாளியின் தோளைப் பிடித்து மெல்ல அசைத்தால் அந்தக் கோட்டில் அலை எழும். அவர் சாய்ந்தால் கோடு சாயாமல் தரைக்கு இணையாகவே இருக்கும். சீழ்க்கட்டியென்றால் உதரவிதானத்தின் வளைவு மேலேறி, மூச்சு இழுக்கும்போதும் அசையாமல் நிற்கும். இவற்றைப் பிரித்தறிய ஒருவர் நோயாளியைத் திருப்ப வேண்டும், மூச்சிழுக்கச் சொல்ல வேண்டும், அசைக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். இவை படமெடுப்பவரின் செயல்கள் அல்ல. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவரின் செயல்கள்.

காசநோயில் இன்னும் நுட்பமான குறிகள் உண்டு. பாஸ்டனில் ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ், நோயுற்ற பக்கத்து உதரவிதானம் மற்றதைவிடக் குறைவாக இறங்குவதைத் தொடக்கநிலைக் குறியாகக் காட்டியிருந்தார். நுரையீரல் உச்சியில் மெல்லிய மங்கல், இருமும்போது அது தெளியாமல் இருப்பது, மார்பின் மையத்தில் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் என இவற்றையெல்லாம் பெக்லேர் தம் நூலில் எடைபோட்டார். எடைபோட்டார் என்பதுதான் சரி. ஒளிர்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. காதால் கேட்டதும் கையால் தட்டியறிந்ததும் கண்ணால் கண்டதும் ஒன்றையொன்று திருத்த வேண்டும் என்பதே அவர் நிலை.

இந்த நிலைக்குப் பாரிஸில் ஆழமான மரபு இருந்தது. மருத்துவர் லெனெக் 1819-இல் வெளியிட்ட நூலில், மார்பிலிருந்து கேட்கும் ஒவ்வோர் ஒலியையும் பிரேதப் பரிசோதனையில் கண்ட உறுப்பு மாற்றத்தோடு பொருத்திக் காட்டினார். அதற்குப் பின்பே காதில் விழுந்த ஒலி மருத்துவக் குறியாயிற்று. திரையில் விழுந்த நிழலுக்குப் பெக்லேர் செய்ததும் அதுவே. அவருடைய பணியை எக்ஸ் கதிரின் வரலாற்றில் மட்டும் வைத்துப் பார்ப்பது பாதியைத்தான் காட்டும். லெனெக்கின் தொடர்ச்சியாகவும் வைத்துப் பார்க்க வேண்டும்.

5. அளவறிதல்

அக்காலக் குழாய்கள் மனம்போல் மாறுபவை. உள்ளே சிறிதளவு வாயு எஞ்சியிருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய், பயன்படுத்தப் பயன்படுத்த வாயுவை இழந்து கடினமாகும். காலையில் கையின் எலும்பைத் தசையிலிருந்து அழகாகப் பிரித்துக் காட்டிய அதே குழாய், சில நாளில் எலும்பையும் தசையையும் ஒன்றாக ஊடுருவிச் சாம்பல் நிறமாக்கிவிடும். பால் வில்லார், பல்லேடியக் குழலைச் சூடாக்கி ஹைட்ரஜனை உள்ளே விட்டு மீண்டும் மென்மையாக்கும் வழியைக் கண்டிருந்தார். எப்போது சூடாக்குவது, எவ்வளவு?

பெக்லேரின் விடை பொறி இடைவெளி அளவி. குழாய்க்கு இணையாக இரு உலோக முனைகள். அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை மாற்றலாம். குழாய் கடினமானால் மின்சாரம் அதன் வழியே செல்லத் தயங்கி, முனைகளுக்கிடையே பொறியாகத் தாவும். பொறி தாவும் தூரம் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தாலே கதிரின் ஊடுருவும் திறன் தெரிந்துவிடும். எளிய கருவி, ஆனால் இதனால்தான் ஒரு மருத்துவர் கண்ட நிழலை இன்னொரு மருத்துவமனையில் அதே நிலையில் மறுபடி காண முடிந்தது. மறுபடி காண முடியாததைக் கற்பிக்கவும் முடியாது.

கதிரையே சிகிச்சைக்குப் பயன்படுத்தும்போது அளவு இன்னும் கடுமையான கேள்வி. வியன்னாவின் குய்தோ ஹோல்ஸ்க்னெக்ட் 1902-இல், கதிர் பட்டு நிறம் மாறும் உப்பு வில்லைகளைக் கொண்டு தோலில் விழுந்த கதிரின் அளவைக் கணக்கிட்டார். 1904-இல் பாரிஸில் சபுரோ, நுவாரே இருவரும் எளிய வில்லையொன்றைச் செய்து, குழந்தைகளின் தலைப்படைக்குப் பயன்படுத்தினர். பெக்லேர் இந்த அளவிடும் முறைகளைத் தம் மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக்கினார். மருந்தின் எடை தெரியாமல் மருந்து கொடுக்கும் மருத்துவர் யாரும் இல்லை. கதிருக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்றார்.

1909-இல் அவர் வெளியிட்ட பிட்யூட்டரிக் கட்டிச் சிகிச்சை இந்த ஒழுங்கின் பயன். மண்டையின் அடித்தளத்தில், கண் நரம்புகளை ஒட்டி இருக்கும் சுரப்பி அது. அறுவை அன்று உயிருக்கே ஆபத்து. நெற்றியிலும் பொட்டிலும் பல வாயில்களைக் குறித்து, ஒவ்வொன்றின் வழியாகவும் தோல் தாங்கும் அளவு கதிரைச் செலுத்தினால், ஆழத்தில் எல்லாக் கற்றைகளும் கட்டியின்மேல் ஒன்றுசேரும். அளவுக்கு மீறிய உடல் வளர்ச்சியோடு பார்வை மங்கிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இவ்வாறு சிகிச்சையளித்தார். தலைவலி தணிந்து பார்வை தேறியது. இத்தாலியில் கிராமேன்யாவும் அதே ஆண்டில் இதே முயற்சியை அறிவித்தார். கற்றைகளைப் பல திசைகளிலிருந்து ஓரிடத்தில் குவிக்கும் இந்தக் கொள்கை, இன்றைய கணினி வழிக் கதிர்ச் சிகிச்சைக்கும் அடிப்படையாக நிற்கிறது. கருப்பைத் தசைக்கட்டிகளுக்கும் பெக்லேர் கதிர்ச் சிகிச்சையை விரிவாகப் பயன்படுத்தினார்.

6. யார் பார்ப்பது?

எக்ஸ் கதிர்ப் பரிசோதனையை யார் செய்வது என்ற கேள்வி கூர்மையான பூசலாக எழுந்தது. பாரிஸ் மருத்துவமனைகளின் எக்ஸ் கதிர் அறைகள் பலவற்றில் பொறுப்பிலிருந்தவர்கள் மருத்துவர் அல்லாதவர்கள். சால்பெத்ரியேரில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோவின் புகைப்படக்காரராகப் புகழ்பெற்ற ஆல்பேர் லோன்த், அவருக்குத் துணையாக இருந்த ஷார்ல் அன்ஃப்ருவா. லாரிபுவாசியேரில் ஷார்ல் வையான். கைதேர்ந்தவர்கள், அவர்கள் எடுத்த படங்களின் தரத்தை யாரும் குறை சொல்லவில்லை. படத்தைக் கொடுப்பது அவர்கள், படத்திலிருந்து நோயைச் சொல்வது யார் என்பதில்தான் பிரச்சினை. பல இடங்களில் அவர்களே நோயையும் சொன்னார்கள்.

பாரிஸ் மருத்துவக் கழகம் 1906-இல் ஷோஃபாரின் அறிக்கையை ஏற்று, மருத்துவப் பட்டம் இல்லாதவர் எக்ஸ் கதிரை மருத்துவத்துக்குப் பயன்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பான மருத்துவத் தொழில் என்று முடிவு செய்தது. பெக்லேர் பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த கருத்து இது. 1908-இல் அவரே மருத்துவக் கழக உறுப்பினர் ஆனார். 1909-இல் கதிரியலுக்கெனத் தனிச் சங்கம் பாரிஸில் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே.

மருத்துவக் கழகத்தின் முடிவு சரியானதுதான். ஆனாலும் அன்ஃப்ருவா, வையான் போன்றோருக்கு அது தந்த வேதனையை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. பாதுகாப்பு ஏதும் இல்லாத ஆண்டுகளில் நாள்தோறும் நோயாளிகளைப் படமெடுத்தவை அவர்களின் கைகள். அன்ஃப்ருவா விரல் விரலாக இழந்து 1920-இல் இறந்தார். வையான் கைகளை இழந்தார். துறையின் அதிகாரம் மருத்துவரிடம் சென்றது. துறையின் காயம் அவர்களிடம் தங்கியது.

7. சேன்ட் அந்துவான் பள்ளி

பல்கலைக்கழகத்தில் கதிரியலுக்கு அப்போது பேராசிரியர் இருக்கை கிடையாது. பெக்லேர் நடத்தியது மருத்துவமனைக்குள் விரும்பி வருவோர்க்கான பாடம். ஞாயிறு காலைகளில் சேன்ட் அந்துவானில் நடந்த அந்த வகுப்புக்கு மருத்துவ மாணவர்களோடு, நரைத்த மருத்துவர்களும் வெளிநாட்டவரும் வந்தனர். பட்டமும் இல்லை, தேர்வும் இல்லை. முதலில் நோயாளியின் வரலாறு. பிறகு கையாலும் காதாலும் பரிசோதனை. அதன்பின் ஒருவர் தம் ஊகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே இருட்டறை. ஊகத்தைச் சொல்லாமல் திரைக்கு முன் நிற்பவர், தெரிவதையெல்லாம் முன்பே அறிந்ததாக எண்ணிக்கொள்வார். ஊகத்தை முதலில் சொன்னவருக்கோ, திரை எங்கே தம்மைத் திருத்தியது என்பது மறக்காது. கற்பித்தலைப் பற்றிச் சிந்திப்பவர் எவரும் நின்று கவனிக்க வேண்டிய வரிசை இது.

அங்கிருந்து கிளம்பியவர்களில் ஈசேர் சொலொமோன் கதிரின் அளவை அயனியாக்கத்தால் அளக்கும் கருவியைச் செய்து, தம் பெயரால் ஓர் அலகையே விட்டுச்சென்றார். ஆசிரியர் வில்லைகளின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு அளந்தார். மாணவர் மின்னளவியால் அளந்தார். பாடம் அதே பாடம்.

8. போர்

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது பெக்லேருக்கு ஐம்பத்தெட்டு வயது. படைப்பணிக்கு அழைக்கப்படும் வயதைக் கடந்தவர், தாமாக முன்வந்து வால்-த-கிராஸ் இராணுவ மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பிரெஞ்சுப் படையிடம் அப்போது எக்ஸ் கதிர்க் கருவிகளும் குறைவு, அவற்றைக் கையாளத் தெரிந்த மருத்துவர்கள் அதைவிடக் குறைவு. மேரி க்யூரி அவரிடம் மருத்துவக் கதிரியலின் அடிப்படைகளை அறிந்துகொண்டு, கருவி பொருத்திய ஊர்திகளைப் போர்முனைக்குக் கொண்டுசென்றார். ஏறத்தாழ இருபது ஊர்திகளும் இருநூறு நிலையான அறைகளும் அவர் முயற்சியால் எழுந்தன. பின்னர் பெண்களைக் கருவி இயக்குநர்களாகப் பயிற்றுவித்தார். பெக்லேர் மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். சில வாரங்களில் ஒரு கிராம மருத்துவரைக் கதிரியல் மருத்துவராக்கிப் போர்முனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அந்தக் குறுகிய பாடத்தின் உயிர்நாடி, உடம்பில் தங்கிய குண்டின் ஆழத்தைக் கணக்கிடுவது. குழாய் திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குண்டின் நிழல் விழும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். குழாயைப் பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் நகர்த்தினால் நிழல் எதிர்ப்புறம் 2 சென்டிமீட்டர் நகர்கிறது. ஒத்த முக்கோணங்களின் விதிப்படி குண்டு திரையிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. பள்ளிக்கூட வடிவியல்தான். அதைச் செய்யாமல் கத்தி வைத்த அறுவை மருத்துவர் குண்டைத் தேடித் தசையைக் கிழித்துக்கொண்டே போவார். செய்தவர் நேரே அங்கே சென்று எடுப்பார். இருளுக்குக் கண்ணைப் பழக்குவது, செங்குத்துக் கதிரை அறிவது, அளவைக் குறிப்பது என்று சேன்ட் அந்துவானில் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த மூன்றும் இங்கே வாரக்கணக்கில் சொல்லப்பட்டன.

9. பிற்காலமும் தொடர்ச்சியும்

1931-இல் பாரிஸில் கூடிய மூன்றாம் பன்னாட்டுக் கதிரியல் மாநாட்டுக்குப் பெக்லேர் தலைமை வகித்தார். 1925-இல் லண்டனிலும் 1928-இல் ஸ்டாக்ஹோமிலும் கூடிய முந்தைய மாநாடுகளிலிருந்து கதிர்ப் பாதுகாப்பு, அளவின் அலகு ஆகியவை பன்னாட்டுப் பொறுப்பாகியிருந்தன. 1931-இலேயே வியன்னாவில் ஹோல்ஸ்க்னெக்ட், கதிரால் புண்பட்ட கையைப் படிப்படியாக இழந்து இறந்தார். போர்தோவின் கதிரியலாளர் பெர்கோனியே 1925-இலேயே போய்விட்டார். கதிருக்கு இரையானவர்களுக்காக ஜெர்மானியக் கதிரியலாளர் ஹான்ஸ் மேயரின் முயற்சியால் ஹாம்பர்க் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 1936-இல் நினைவுத் தூண் திறக்கப்பட்டபோது, எண்பது வயது பெக்லேர் அங்கே சென்று உரையாற்றினார். ஜெர்மனியும் பிரான்சும் மீண்டும் போரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஆண்டு அது. பல நாட்டவர் பெயர்கள் ஒரே கல்லில் பொறிக்கப்பட்ட அந்நிகழ்வில் பேச ஒரு பிரெஞ்சுக்காரர் அழைக்கப்பட்டதை, இந்தத் துறையின் மாண்பாகவே கருத வேண்டும்.

அவர் மறைவுக்குப் பின் மகள் அந்துவானெத் பெக்லேர், தந்தையின் பெயரால் கதிரியல் நூல்களையும் ஆவணங்களையும் பேணும் மையத்தை நிறுவினார். பாரிஸை அடுத்த கிளமார் ஊரில் 1971-இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்குகிறது. 

கண்ணின் பழக்கம் பற்றிய அவரது ஆய்வு அமெரிக்காவில் மறுபடி பேசப்பட்டது 1941-இல். கதிரியல் மருத்துவர் எட்வர்ட் சேம்பர்லெய்ன், ஒளிர்திரையின் வெளிச்சம் படம் பார்க்கும் ஒளிப்பெட்டியின் வெளிச்சத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு என்பதை எடுத்துக்காட்டி, குச்சி செல்களை நம்பி நுண்விவரம் காண முடியாது, ஒளியையே பெருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1948-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஜான் கோல்ட்மன் பிம்பப் பெருக்கியைச் செய்துகாட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளில் அது மருத்துவமனைகளுக்குப் பரவியது. திரையில் கண்டதைக் கூம்பு செல்களாலேயே, சாதாரண அறை வெளிச்சத்தில், தொலைக்காட்சிப் பெட்டியில் காண முடிந்தது. இருளில் இருபது நிமிடம் காத்திருக்கும் விதி அத்துடன் பாடத்திட்டத்திலிருந்து நீங்கியது. நோயாளியின் வரலாற்றை அறிந்து, பரிசோதித்து, ஊகத்தைச் சொல்லிவிட்டுப் படத்தைப் பார்க்கும் விதி நீங்கவில்லை. கணினித் திரையில் வெட்டுப்படங்களைப் புரட்டும் இன்றைய பயிற்சி மருத்துவருக்கும், கோரிக்கைச் சீட்டில் எழுதியிருக்கும் நோயாளியின் குறிப்பே முதலில் படிக்க வேண்டியதாக இருக்கிறது.